முதலாளி யாரென்று தெரியாத அணி

1970களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து இரும்பாலை ஊரான ஜான்ஸ்டவுனிலிருந்து நெட் டவுட் என்ற ஐஸ் ஹாக்கி வீரர் ஒருநாள் இரவு தன் அக்காவுக்குப் போன் செய்தார். அணியைக் கைமாற்றப்போகிறார்களாம் என்று புலம்பினார். அணிக்கு முதலாளி யார் என்று அக்கா கேட்டார். தம்பிக்குத் தெரியவில்லை. திரைக்கதை எழுதிக்கொண்டிருந்த அக்கா நான்சி டவுட்டுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. ஜான்ஸ்டவுனுக்கே வந்து தங்கினார். தம்பி கையில் டேப் ரெக்கார்டரைக் கொடுத்து, வீரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதையெல்லாம் பதிவுசெய்து தரச் சொன்னார். 1977இல் ஜார்ஜ் ராய் ஹில் இயக்கி, பால் நியூமன் நடித்து வெளிவந்த ‘ஸ்லாப் ஷாட்’ படம் இப்படித்தான் பிறந்தது.

படத்தில் ஊரின் பெயர் சார்ல்ஸ்டவுன். அணியின் பெயர் ‘சீஃப்ஸ்’. இரும்பாலை மூடப்படவிருக்கிறது, அந்த சீசனோடு அணிக்கும் முடிவு. ஆடிக்கொண்டே பயிற்சியும் தரும் ரெஜ் டன்லப், ஃப்ளோரிடாக்காரர்கள் அணியை வாங்க வருகிறார்கள் என்று ஒரு புரளியைக் கிளப்பிவிடுகிறார். ஆட்டம் அடிதடியாகிறது, அரங்கில் கூட்டம் அலைமோதுகிறது. கடைசியில் முதலாளி யாரென்று கண்டுபிடித்து, அந்த அம்மாள் வீட்டு வாசலுக்கே போய் நிற்கிறார் டன்லப். அம்மாளிடம் பதற்றம் ஏதுமில்லை. விற்றால் பணம் வரும்தான். ஆனால், இழுத்து மூடி நஷ்டக் கணக்குக் காட்டினால் வரியில் கூடுதலாக மிச்சமாகும் என்று கணக்காளர் சொல்லிவிட்டாராம். சிரித்துக்கொண்டே பார்க்கவேண்டிய படத்தில் சிரிப்பு அடங்கிப்போகும் இடம் இது. அதற்குப் பிந்தைய 33 ஆண்டுகளில் நிஜ ஜான்ஸ்டவுனில் நடந்ததை இந்தக் காட்சியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அரங்கம் தந்த வாழ்வு

ஸ்டோனிகிரீக், லிட்டில் கானமா ஆறுகள் கூடுமிடத்தில் இருக்கிறது ஜான்ஸ்டவுன். 1889இல் மேலே இருந்த அணை உடைந்து 2,209 பேரைப் பலிகொண்ட ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பின், போரில் இறந்தவர்களின் நினைவாகக் கேம்ப்ரியா வட்டாரம் அங்கே ஒரு உள்ளரங்கத்தைக் கட்டியது. 1950இல் திறக்கப்பட்ட அந்த அரங்கில் சுமார் 4,000 பேர் உட்காரலாம். அதே ஆண்டு ‘ஜான்ஸ்டவுன் ஜெட்ஸ்’ அணி அங்கே குடியேறியது. 1960, 1961, 1962 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஈஸ்டர்ன் ஹாக்கி லீக்கின் பட்டத்தை வென்றது. 1975இல் இன்னொரு லீக்கின் கோப்பையையும் தட்டிக்கொண்டு வந்தது.

1977இல் அந்த லீக்கே கலைந்தது. ஜூலையில் வந்த வெள்ளத்தில் அரங்கமும் சேதமடைந்தது. ஜெட்ஸ் அணி அத்தோடு முடிந்தது. பத்தாண்டு கழித்து, 1988 ஜனவரியில், ஊருக்கு மீண்டும் நிலையான ஓர் அணி கிடைத்தபோது அதற்கு வைத்த பெயர், சினிமாவில் வந்த அதே ‘சீஃப்ஸ்’. ஜெட்ஸில் ஆடி, படத்தில் கண்ணாடி போட்ட முரட்டுச் சகோதரர்களில் ஒருவராகவும் நடித்த ஸ்டீவ் கார்ல்சன் அதன் பயிற்சியாளரானார். அழியப்போகும் அணியைப் பற்றிய படத்தில் வந்த பெயரைத் தன் அணிக்கு வைத்துக்கொள்ளும் துணிச்சல் அந்த ஊருக்கு இருந்தது.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஐந்தே அணிகளுடன் ஈஸ்ட் கோஸ்ட் ஹாக்கி லீக் (இசிஹெச்எல்) தொடங்கியது. ஜான்ஸ்டவுன் அதில் ஒன்று. முதல் சீசனிலேயே இறுதிச்சுற்றுக்குப் போய், ஏழு ஆட்டங்கள் வரை இழுத்து, கரோலைனா தண்டர்பேர்ட்ஸிடம் தோற்றது. கரோலைனா அணியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஆலை மூடியதாலா?

2009-10 சீசன் முடிந்ததும் சீஃப்ஸ் தெற்கே, சவுத் கரோலைனாவின் கிரீன்வில் நகருக்குப் போய்விட்டது. தொடக்க கால அணிகளில் பிறந்த ஊரிலேயே, வைத்த பெயரோடு கடைசியாக மிஞ்சியிருந்தது இதுதான். ஏன் போனது என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: ஆலை மூடியது, ஊர் சுருங்கியது, அணி போனது.

ஊர் சுருங்கியது உண்மை. ஜெட்ஸ் வந்த 1950இல் ஜான்ஸ்டவுனின் மக்கள்தொகை சுமார் 63,000. சீஃப்ஸ் போன 2010இல் சுமார் 21,000. மூன்றில் ஒரு பங்கு. ஆனால், சீஃப்ஸ் பிறந்ததே ஊர் பாதிக்குமேல் காலியான பிறகுதான். 1980களின் தொடக்கத்திலேயே நாட்டில் வேலையின்மை மிக மோசமான நகரங்களில் ஒன்று என்று ஜான்ஸ்டவுன் பெயரெடுத்துவிட்டது. ஊரின் ஆலையை நடத்திய பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனம் 1992இல் அங்கே கடையைக் கட்டிய பிறகும் 18 ஆண்டுகள் அணி ஆடியது. ஆகவே, ஆலைமீது மட்டும் பழியைப் போட முடியாது.

ரசிகர்கள் கைவிட்டார்கள் என்பதும் எடுபடாது. கணக்கைப் பார்ப்போம். சீசனுக்குச் சொந்த ஊரில் 36 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு 4,000 இருக்கைகள். மொத்தம் 1,44,000 டிக்கெட்டுகள். ஊரில் இருப்பதோ 21,000 பேர். கைக்குழந்தை முதல் படுத்த படுக்கையாக இருப்பவர் வரை ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஏழு முறை வந்தால்தான் அரங்கு நிறையும். இந்த அளவிலான லீக்குகளுக்குத் தொலைக்காட்சி உரிமைப் பணம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. டிக்கெட், உள்ளூர் விளம்பரம், தின்பண்டக் கடை வருமானம் ஆகியவற்றில்தான் வண்டி ஓட வேண்டும்.

லீக் வளர்ந்தது, ஊர் தேய்ந்தது

செலவுப் பக்கத்தில் நடந்ததை அதிகம் பேர் கவனிப்பதில்லை. தொடங்கியபோது இசிஹெச்எல் பேருந்திலேயே போய்வந்துவிடக்கூடிய சிறிய லீக். அதே மாநிலத்து நகரான ஈரியின் அணி 1996இல் லூசியானாவின் பேடன் ரூஜுக்கு இடம்பெயர்ந்தது. தெற்கே புதிய அரங்குகள் எழ, புதிய அணிகள் முளைத்தன. 2003இல் மேற்குக் கரை லீக்கின் அணிகளும் வந்து சேர்ந்ததும் மொத்தம் 31 ஆனது. அலாஸ்கா, லாஸ் வேகாஸ், சான் டியாகோ எல்லாம் ஒரே லீக்கில். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பெரிய நகரமும் லீக்குக்குப் பெருமை. 4,000 இருக்கைகளை வைத்துக்கொண்டு அவர்களோடு மல்லுக்கட்டும் ஊருக்குச் சுமை. லீக்கைத் தொடங்கிவைத்த ஊர்களுக்கே அதன் வளர்ச்சி கட்டுப்படியாகவில்லை.

இதற்குமேல் வீரர்களின் பிரச்சினை வேறு. அந்த நாட்டு ஹாக்கி லீக்குகளின் அடுக்கில் உச்சத்தில் என்ஹெச்எல், அதற்குக் கீழே ஏஹெச்எல், அதற்கும் கீழே இசிஹெச்எல். கீழே ஆடும் வீரர்கள் பலருக்கு ஒப்பந்தம் மேலே இருக்கும் அணியோடு. டிசம்பரில் ஓர் இளைஞர் கோலாக அடித்துத் தள்ளுகிறார், சிறுவர்கள் அவர் பெயர் போட்ட சட்டையைக் கேட்டு அடம்பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து ஒரு போன் வரும். மட்டைகளையும் பையையும் காரில் போட்டுக்கொண்டு அன்றைக்கே கிளம்பிவிடுவார். வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் அவர் இடத்தில் வேறு யாரோ. வீரருக்கு அது வாழ்நாள் கனவு. அவருக்கு நாம் வருத்தப்பட வேண்டியதில்லை. ஆனால், தன் சரக்கு நன்றாக இருந்தால் அதை உடனே இழக்க வேண்டிய வியாபாரம் உலகில் வேறெங்கும் அதிகம் இல்லை.

சீஃப்ஸின் கடைசிக்கால உரிமையாளர் நீல் ஸ்மித், 1994இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணி என்ஹெச்எல்லின் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அதன் பொது மேலாளராக இருந்தவர். அவரை வில்லனாக்க வேண்டியதில்லை. கட்டுப்படியாகாத ஊரில் பல ஆண்டுகள் அணியை நடத்தினார்; முடியாதபோது பெரிய அரங்கமுள்ள ஊருக்குக் கொண்டுபோனார். கிரீன்வில்லும் ஒருமுறை இழந்த ஊர்தான்: 2002இல் கோப்பை வென்ற அதன் பழைய அணி 2006இல் மூடப்பட்டது. காலியான அரங்குகளைத் தேடி அணிகள் நகர்கின்றன. தெற்கே இருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று டன்லப் கிளப்பிவிட்ட புரளி, ஏறக்குறைய அப்படியே பலித்துவிட்டது.

வீலிங் எப்படித் தப்பியது?

இப்போது கரோலைனா தண்டர்பேர்ட்ஸுக்கு வருவோம். முதல் இறுதிச்சுற்றில் ஜான்ஸ்டவுனை வென்ற அந்த அணி 1992இல் மேற்கு விர்ஜீனியாவின் வீலிங் நகருக்கு மாறியது. ஆணி தயாரிப்புக்குப் பேர்போன ஊர் என்பதால் பிற்பாடு ‘நெய்லர்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டது. வீலிங்கும் இரும்பையும் நிலக்கரியையும் நம்பி வாழ்ந்து நொடித்த ஊர். 1930இல் 61,000 பேருக்குமேல் இருந்தார்கள். 2010இல் 28,000 சொச்சம். அதே லீக், அதே மலைப்பகுதி, அதே சரிவு. ஆனாலும் நெய்லர்ஸ் இன்றும் அங்கேயே ஆடுகிறது.

2012இல் அந்த அணி விலைக்கு வந்தபோது, அதை வாங்க முன்வந்தது ஊரின் சிறுவர்களுக்கு ஹாக்கி கற்றுத்தரும் உள்ளூர்ச் சங்கம். லாபத்தைத் தேடி வேறு ஊருக்குப் போக வேண்டிய தேவை இல்லாத கை அது. நியூயார்க் மாநிலத்தில் 15,000 பேர்கூட இல்லாத கிளென்ஸ் ஃபால்ஸில், உள்ளூர்க்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து 2017இல் தங்கள் அணியை வாங்கியதும் இதே வழிதான். அது ஜான்ஸ்டவுனைவிடச் சின்ன ஊர்.

இதற்கு மறுப்பும் சொல்லலாம். வீலிங்குக்கு, அருகிலிருக்கும் பிட்ஸ்பர்க்கின் என்ஹெச்எல் அணியான பென்குவின்ஸோடு நீண்டகால உறவு உண்டு. அது பெரிய பலம். உள்ளூர் உரிமை என்பதாலேயே நஷ்டம் லாபமாகிவிடாது என்பதும் சரி. நஷ்டம் வரும்போது யார், எதற்காக அதைத் தாங்குகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். தனி முதலாளிக்கு அது முதலீடு; அடுத்த ஊரில் கூடுதலாகக் கிடைத்தால் போவதே அவருக்கு நியாயம். ஊர்ச் சங்கத்துக்குப் போக வேறு இடமில்லை.

வரும் நாளில் பேச வேண்டிய பேரம்

சீஃப்ஸ் போன பிறகு ஜான்ஸ்டவுனில் நெய்லர்ஸ் அணியே இரண்டு சீசன்கள் சில ஆட்டங்களை நடத்திப் பார்த்தது. 2012இல் ‘டோமஹாக்ஸ்’ என்ற இளையோர் அணி வந்தது. அதுவும் அலாஸ்காவிலிருந்து பெயர்ந்து வந்த அணிதான். தான் இழந்ததைப் போலவே இன்னோர் ஊரின் இழப்பில் ஜான்ஸ்டவுன் ஆதாயம் பெற்றது. இளையோர் லீக்கில் வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது; உள்ளூர் வீடுகளில் தங்கி ஆடுகிறார்கள். இருபதாயிரம் பேர் உள்ள ஊருக்குக் கட்டுப்படியாகும் ஹாக்கி, ஆடுபவருக்குக் கூலி இல்லாத ஹாக்கிதான் என்று சந்தை தீர்ப்பு எழுதிவிட்டது. 2015இல் நாடு தழுவிய வாக்கெடுப்பில் ‘ஹாக்கிவில்’ பட்டத்தை இதே ஊர் வென்றது. அரங்கைச் சீரமைக்க 1,50,000 டாலர் பரிசும், அங்கேயே ஒரு என்ஹெச்எல் பயிற்சி ஆட்டமும் கிடைத்தன. ஆசைக்குக் குறைவில்லை, அணியைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம்தான் ஊருக்கு இருந்ததில்லை.

அரங்கம் பொதுச் சொத்து, அணி தனிச் சொத்து என்ற ஏற்பாட்டில், நகர முடியாததை எல்லாம் ஊர் சுமக்கிறது. நகரக்கூடியது முதலாளி கையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்திலேயே சில நிபந்தனைகளை எழுதிவிட்டால் இது மாறும். அணியை விற்பதானாலும் இடம் மாற்றுவதானாலும் முதலில் உள்ளூர்க்காரர்களிடம் விலை கேட்க வேண்டும். அவர்கள் பணம் திரட்ட ஒரு முழு சீசன் அவகாசம் தர வேண்டும். பெயரும் சின்னமும் ஊரிலேயே தங்க வேண்டும். இதனால் எல்லா ஊர்களும் தப்பிவிடாது. என்றாலும், நெடுந்தொலைவு லீக்கில் நீடிக்க முடியாத ஊர் ஒன்று, தன் வசதிக்கேற்ற சிறிய லீக்குக்குத் தன் அணியோடு இறங்கிவரவாவது வழி பிறக்கும். லீக்குகளுக்கு இந்த நிபந்தனைகள் பிடிக்காதுதான். ஆனால், காலி அரங்கோடு காத்திருக்கும் ஊர்கள் அணி கிடைத்தால் போதுமென்று கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடும்வரை, லீக்குகளுக்கு மாறவேண்டிய அவசியமும் வராது. ஊருக்குப் பேரம் பேசும் பலம் அணி வரும் நாளில் இருக்கிறது; போகும் நாளில் அது எதிர்த்தரப்பின் கையில்.