அடங்கிய அலுமாரியும் ஆடவந்த அலுமாரியும்

வீட்டுத் தளபாடங்களுள்ளே மிகவும் அடக்கமானது புத்தக அலுமாரி. நாற்காலி விருந்தினரை வரவேற்கும். மேசை உணவையோ எழுத்தையோ தாங்கி நடுவிலே நிற்கும். புத்தக அலுமாரியோ சுவரோரமாக ஒதுங்கி, தன்னை மறைத்து, தான் தாங்கும் நூல்களையே நமக்குக் காட்டும். நூல்கள் நிறைந்தபின் கண்ணிற் படாதிருப்பதே நல்ல அலுமாரிக்கு இலக்கணம் என்பாரும் உளர்.

இவ்விலக்கணத்துக்கு நல்ல இலக்கியமாக அமைந்தது, ஜேர்மனி தேசத்து வடிவமைப்பாளர் டீட்டர் ராம்ஸ் 1960ஆம் ஆண்டில் வகுத்த '606' என்னும் தட்டு அமைப்பு. சுவரிலே அலுமினியச் சட்டங்களைப் பொருத்தி, அவற்றில் மெல்லிய உலோகத் தட்டுக்களைக் கொளுவிவிடுவதே அதன் முறை. நூல்கள் பெருகினால் தட்டுக்களைக் கூட்டலாம். வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது இன்றும் செய்து விற்கப்படுகிறது. நூல்களால் நிறைந்த '606' இருக்கும் அறையிற் புகுவோர் நூல்களைக் காண்பாரன்றித் தட்டுக்களைக் காணார்.

இவ்விலக்கணத்தைத் தலைகீழாக்கிய அலுமாரி ஒன்று 1981ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகரிலே பிறந்தது. அதன் பெயர் 'கார்ல்டன்'. ஏறத்தாழ 195 சென்ரிமீற்றர் உயரமும் 190 சென்ரிமீற்றர் அகலமும் உடையது. கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளியிட்ட பீடம். அதன்மேல் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் எனப் பல நிறப் பலகைகள். அவற்றுட் சில நிமிர்ந்து நிற்கும். சில கிடையாகக் கிடக்கும். வேறு சில இருபுறமும் சரிந்து, கை விரித்தாற்போல வெளியே நீளும். நடுவிலே இரண்டு லாச்சிகள். உச்சியிலே மனிதனொருவன் கைகளையும் கால்களையும் அகட்டி நிற்பதுபோன்ற தோற்றம். சரிந்த பலகையருகே வைத்த நூல் தானும் சரிந்தே நிற்கும். இவ்வலுமாரியைச் சுவரோரம் ஒதுக்கவேண்டும் என்பதில்லை. அறையின் நடுவிலே, இடத்தை இரண்டாகப் பிரிக்கும் தட்டியாகவும் நிறுத்தலாம். நூல் இல்லாதபோதும் இதற்கு யாதொரு குறையுமில்லை. நூல் வந்தால் அஃது இதற்கு ஓர் அணிகலன், அவ்வளவே.

இவ்வித அலுமாரிகளைத் தேடித் திரிந்து, பெரும்பொருள் கொடுத்து வாங்கிச் சேர்ப்போர் மேல்நாடுகளிலே பலர் உளர். அவர்கள் உண்மையிற் சேர்ப்பது எதனை? பலகையையா? பழமையையா? அல்லது ஒருவருடைய எண்ணத்தையா? இவ்வினா, அத்தகைய அலுமாரியை ஒருநாளும் வாங்கப்போகாத நமக்கும் பயன்படுவது.

ஆக்கியவர் யார்?

கார்ல்டனை ஆக்கியவர் எத்தோரே சொத்சாஸ். 1917ஆம் ஆண்டில் ஒஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரிற் பிறந்து, 1939இல் இத்தாலியின் தூரின் நகரிலே கட்டடக் கலையிற் பட்டம் பெற்றவர். தட்டெழுத்துப் பொறிகளுக்குப் பேர்போன ஒலிவெத்தி நிறுவனத்துக்காகப் பணியாற்றி, 1959இல் வெளிவந்த 'எலேயா 9003' என்னும் பெருங் கணனிக்கு உருவம் வகுத்தார். பெரி கிங் என்பவரோடு சேர்ந்து 1969இல் அவர் அமைத்த 'வலன்டைன்' என்னும் செக்கச் சிவந்த தட்டெழுத்துப் பொறி உலகப் புகழ் பெற்றது. காரியாலயப் பொருள் என்றாற் சாம்பல் நிறமே தகும் என்றிருந்தோருக்கு அது வியப்பாக இருந்தது.

அவர் வாழ்க்கையிலே நமக்கு நெருக்கமான செய்தியும் ஒன்றுண்டு. 1961இல் அவர் இந்தியாவிலே பயணஞ் செய்தார். அங்குள்ள கோயில்களும் வழிபாட்டுப் பொருள்களும் அவருள்ளத்திலே ஆழப் பதிந்தன. தாயகம் திரும்பியபின் கடும் நோய்வாய்ப்பட்டு, கலிபோர்னியாவிலே சிகிச்சை பெற்று உயிர் தப்பினார். பின்னர் 1964இல் அவர் செய்த மட்தட்டு வரிசை ஒன்றுக்கு, 'சிவனுக்குக் காணிக்கை' என்று பொருள்படும் பெயரை இத்தாலிய மொழியிற் சூட்டினார். ஒரு பொருள் கைக்கு உதவினாற் போதாது, மனிதனை ஒருகணம் நின்று நோக்கவும் செய்யவேண்டும் என்பது அவர் வாழ்நாள் முழுவதும் கைக்கொண்ட கொள்கை. பீடமும், விரித்த கைகளும், இருபுறமும் ஒத்த அமைப்புங் கொண்ட கார்ல்டனைக் காணும்போது, நம்மவருக்குக் கோயில் விக்கிரகம் நினைவுக்கு வருமாயின் அது வியப்பன்று.

மெம்பிஸ் குழு

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலே மேல்நாட்டு வடிவமைப்பை ஒரு கொள்கை ஆண்டுவந்தது. ஜேர்மனியிலே 1919இல் தொடங்கி 1933இல் மூடப்பட்ட பௌஹவுஸ் கலைக்கூடத்தின் வழிவந்தோர் அதனைப் பரப்பினர். பொருளின் பயனே அதன் உருவத்தை வகுக்கவேண்டும், வேண்டாத அலங்காரம் குற்றம் என்பது அவர்கள் கட்சி. நல்ல கொள்கைதான், ஆயினும் எல்லாரும் பின்பற்றியபோது கொள்கை வழக்கமாயிற்று, வழக்கம் சலிப்பாயிற்று. அச்சலிப்பை எதிர்த்து எழுந்த போக்கையே பின்னவீனத்துவம் என்று வழங்குகின்றனர்.

1980ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆந் திகதி, மிலானிலுள்ள சொத்சாசின் இல்லத்திலே இளம் வடிவமைப்பாளர் சிலர் கூடினர். அவருக்கு அப்போது வயது அறுபத்துமூன்று. வந்தவருட் பலர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள். பொப் டிலானின் பாட்டொன்று இசைத்தட்டிலே மீண்டும் மீண்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. அதிலே வந்த 'மெம்பிஸ்' என்ற சொல்லையே குழுவுக்குப் பெயராக வைத்தனர். அது அமெரிக்க நகரொன்றின் பெயர். பண்டை எகிப்தின் தலைநகர் ஒன்றின் பெயரும் அதுவே.

1981 செப்டம்பரில் அவர்களுடைய முதற் கண்காட்சி மிலானிலே நடைபெற்றது. கார்ல்டனோடு சொத்சாசின் 'சுவ்ரெத்தா', அந்திரேயா பிரான்சியின் 'கிரித்தி' ஆகிய புத்தக அலுமாரிகளும், கொம்பு முளைத்தாற்போலக் கைகளை உயர்த்தி நிற்கும் 'காசாபிளாங்கா' என்னும் பண்ட அலுமாரியும் அவ்வாண்டுப் படைப்புக்களே. பேர்பெற்ற ஹோட்டல்களின் பெயர்களைப் பலவற்றுக்குச் சூட்டியதும் ஒருவகைப் பரிகாசமே.

ஏனெனில் பொருளின் பெயர் மாளிகையைச் சேர்ந்தது. மேற்பூச்சோ தேநீர்க்கடையைச் சேர்ந்தது. நாம் போர்மைக்கா என்று சொல்லும் பிளாஸ்டிக் தகட்டினத்தையே பலகைகளின்மேல் ஒட்டியிருந்தனர். இத்தாலியின் அபெத் லமினாத்தி நிறுவனம் அதனைச் செய்து கொடுத்தது. நுண்கிருமிகள் நெளிவது போன்ற கறுப்பு வெள்ளைக் கோலம் ஒன்றைச் சொத்சாஸ் 1978இலேயே அந்நிறுவனத்துக்கு வரைந்து கொடுத்திருந்தார். சமையலறைக்கும் சிற்றுண்டிச்சாலைக்கும் உரியதென ஒதுக்கிய தகட்டை, விலையுயர்ந்த மரங்களுக்கே இடமளித்த வரவேற்பறையிலே துணிந்து நிறுத்தினர். உயர்ந்தது இது, தாழ்ந்தது இது என்று வகுத்தவர் யார் என்ற கேள்வி அதனுள் அடங்கியிருந்தது.

ஆனால் ஒரு முரணையும் சொல்லாமல் விடலாகாது. தகடு மலிவாயினும் வேலைப்பாடு நுணுக்கமானது, விலையோ உயர்ந்தது. சாதாரண மக்களின் பொருளைக் கொண்டு செய்த அலுமாரி, சாதாரண மக்கள் வாங்கமுடியாத அலுமாரியாயிற்று. 1985இல் சொத்சாஸ் குழுவிலிருந்து விலகினார். சில ஆண்டுகளுள் குழுவும் கலைந்தது. அவர் 2007ஆம் ஆண்டின் இறுதி நாளிலே தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

சேகரித்தோர் இருவர்

உடை வடிவமைப்பிலே புகழ்பெற்ற கார்ல் லாகர்பெல்ட், மொன்டி கார்லோவிலிருந்த தமது வீட்டை 1980களின் தொடக்கத்திலே மெம்பிஸ் பொருள்களாலேயே நிறைத்தார். ஆசை தீர்ந்தது; 1991இல் அவை ஏலத்துக்குப் போயின.

ஆங்கிலப் பாடகர் டேவிட் போவீயும் இவற்றைச் சேர்த்தவர். அவரிடம் இப்பொருள்கள் பல இருந்தமை, 2016 ஜனவரியில் அவர் காலமாகி, அவ்வாண்டு நவம்பரில் லண்டனிலே சதபீஸ் நிறுவனத்தார் ஏலம் போட்டபோதே பலருக்குத் தெரியவந்தது. அவ்வேலத்திலே, முன்கூறிய சிவப்புத் தட்டெழுத்துப் பொறி ஒன்றுக்கு 300 முதல் 500 பவுண் வரை மதிப்பிட்டிருந்தனர். அது 45,000 பவுணுக்கு விலைபோயிற்று! அதே பொறி வேறொரு வீட்டிலிருந்து வந்திருப்பின் அவ்விலை கிடைத்திராது. மிகுதிப் பணம் பொறிக்காகக் கொடுத்ததன்று. பாடகருடைய பெயருக்காகக் கொடுத்தது. விலை வேறு, பெறுமதி வேறு என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

பழமை எங்கே உறைகிறது?

பழைய தேக்கு அலுமாரியை நோக்குக. ஆண்டுகள் செல்லச்செல்ல அதன் நிறம் முதிரும். கீறல் விழுந்தாற் சீவி மெருகிடலாம். பிளாஸ்டிக் தகட்டுக்கு அப்பேறு இல்லை. விளிம்பு உடைந்தால் உடைந்ததுதான். வெயில் பட்டால் நிறம் மங்கும். ஈரம் புகுந்தாற் பசை விடும். ஆகவே இவற்றை வாங்குவோர் முதலிலே விளிம்புகளையும் மூலைகளையும் தடவிப் பார்ப்பர். பின்னர், ஆக்கியவர் பெயர் பொறித்த சிறு உலோகத் தகட்டைத் தேடுவர்.

இதனினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. கார்ல்டன் இன்றும் மெம்பிஸ் என்ற பெயரிலேயே புதிதாகச் செய்து விற்கப்படுகிறது. அதே வடிவம், அதே நிறங்கள். அப்படியாயின் 1981இல் செய்ததற்கு உள்ள சிறப்பு யாது? உடைந்த தகட்டைக் கழற்றிப் புதுத்தகடு ஒட்டினால் அது பழைய அலுமாரியா, புதிய அலுமாரியா?

இதற்கு ஒல்லாந்து தேசத்து அலுமாரி ஒன்று துணைசெய்யும். அலுமாரி என்ற சொல்லைப் போர்த்துக்கேயரும், லாச்சி என்ற சொல்லை ஒல்லாந்தரும் நமக்குத் தந்து சென்றனர் அன்றோ? அவ்வொல்லாந்திலே தேயோ ரெமி என்பவர் 1991இல், எவரெவரோ கழித்த இருபது பழைய லாச்சிகளைப் பொறுக்கியெடுத்தார். ஒவ்வொன்றுக்கும் புதிய மரக்கூடு செய்து, எல்லாவற்றையும் ஒழுங்கின்றி அடுக்கி, ஒரு பட்டியாற் கட்டிவிட்டார். நினைவைக் கீழே இறக்கிவைக்க இயலாது என்பது அவர் அதற்கு இட்ட பெயரின் கருத்து. அங்கே பழமை மரத்திலே இல்லை. அந்த லாச்சிகளிலே கடிதமும் நூலும் ஊசியும் வைத்தெடுத்த முகமறியா மனிதரின் வாழ்விலே இருக்கிறது.

கார்ல்டனுக்கும் இதுவே விடை என்று கருதுகிறேன். தகடு மாறலாம், பலகையும் மாறலாம். எந்தக் காலத்தில், எந்தச் சலிப்பை எதிர்த்து, எந்தக் கேள்வியைக் கேட்க அது எழுந்தது என்ற வரலாறு மாத்திரம் மாறாது. அதனை அறிந்தவனே சேகரிப்பவன். அறியாதவன் எவ்வளவு பணம் கொடுத்தாலும், அவன் வீட்டிலே நிற்பது பிளாஸ்டிக் ஒட்டிய பலகையே.

மாணவர்கள் முத்திரை சேர்க்கலாம், நாணயம் சேர்க்கலாம், பழைய சஞ்சிகைகள் சேர்க்கலாம். எதைச் சேர்த்தாலும் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும்: இதனைச் செய்தவர் யார்? ஏன் இவ்வாறு செய்தார்? இதனைப் பயன்படுத்தியவர் யார்? விடை தெரிந்தாற் சிறு பொருளும் செல்வமாகும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலே பாட்டனார் காலத்து அலுமாரி ஒன்று நிற்குமாயின், அது முதிரையா, வேம்பா, செய்த தச்சர் எந்த ஊரவர், எந்த ஆண்டில் வீட்டுக்கு வந்தது என்பவற்றை, தெரிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அவற்றைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு தாளிலே எழுதுவித்து, லாச்சியின் அடியிலே ஒட்டிவையுங்கள். மிலான் அலுமாரிக்கு உலோகத் தகடு எதுவோ, உங்கள் அலுமாரிக்கு அந்தத் தாள் அதுவாகும்.