பூ ஒட்டுவது வீண் வேலையா?



"தரம் 5 புலமைப்பரிசில் கிட்ட வருது, நீங்க பிள்ளைகளுக்குப் பூ ஒட்டக் காட்டிக் குடுக்கிறீங்களா டீச்சர்?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். கேட்பது அவர்கள் உரிமை. பதில் சொல்வது எங்கள் கடமை. அதனால்தான் இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாக இருக்கிறது.

அரிப்பிலும் சுற்றுவட்டத்திலும் படிப்பிக்கிற நாங்கள், பிள்ளைகளைக் கொண்டு உலர்ந்த பூக்களை ஒட்டித் தபாலட்டை செய்யப் பழக்குகிறோம். இது சும்மா பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம்.

முதலில் இந்த வேலையில் என்ன படிப்பு இருக்கிறது என்று பார்ப்போம். பனி காய்ந்த பிறகுதான் பூப் பறிக்க வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய பத்திரிகைத் தாளுக்குள் விரித்து, மேலே பாரமான புத்தகங்களை அடுக்க வேண்டும். முதல் சில நாளும் தாளை மாற்ற வேண்டும். இரண்டு மூன்று கிழமையில் பூ காய்ந்துவிடும். எங்கள் கடற்காற்றில் ஈரம் அதிகம் என்பதால் காய்ந்த பூவை மூடி இறுக்கமான டப்பாவில் வைக்க வேண்டும். ஆவாரம்பூவின் மஞ்சள் நிற்கும், அடம்பன் பூவின் ஊதா சீக்கிரம் மங்கும். கடதாசிப்பூ மிக இலகுவாகக் காயும். எருக்கம்பூ தடிப்பு, பாலும் கண்ணுக்குக் கூடாது. ஏன் ஒன்று நிற்கிறது, ஏன் ஒன்று மங்குகிறது என்று பிள்ளை கேட்கும்போதே சுற்றாடல் பாடம் தொடங்கிவிடுகிறது. பரீட்சைத்தாளில் வரும் கேள்விக்கும் அவதானிக்கப் பழகிய பிள்ளைதான் நன்றாக விடை எழுதும்.

இரண்டாவது, இந்த வேலைக்கு எங்கள் நாட்டில் பெரிய வரலாறு உண்டு. 1672 தொடக்கம் ஒல்லாந்துக் கம்பனியின் வைத்தியராக இலங்கையில் இருந்த போல் ஹேர்மன் என்பவர் இங்குள்ள செடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டிக்கொண்டு போனார். அதை வைத்துத்தான் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தன் நூலை எழுதினார். அந்தத் தாள்கள் இன்றைக்கும் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 300 வருடத்துக்கு மேல் ஒரு பூ தாளில் நின்றிருக்கிறது! ஆனால் அதைக் கண்ணால் பார்க்க நாம் இலண்டன் போக வேண்டும்.

முத்தும் அப்படித்தான். அரிப்புக் கடலின் முத்துக்காகவே உலகம் இந்தப் பக்கம் வந்தது. முதலாவது ஆங்கில ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் இங்கே மாளிகை கட்டினார். 1906இல் முத்துக்குளிப்பை இலண்டன் கம்பனி ஒன்றுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். முத்தும் காசும் போய்விட்டன. மிச்சமிருப்பது கடல் அரித்துத் தின்னும் டொரிக் மாளிகையின் சுவர்தான். அதைப் பார்க்க வருகிறவர்கள் போட்டோ எடுத்துவிட்டுப் போகிறார்கள். இந்த ஊர்க் கையால் செய்த ஒரு பொருளாவது அவர்கள் கையில் போகிறதா?

ஜெருசலத்தில் 1800களின் கடைசியில், ஒலிவ் மரப்பலகை அட்டை போட்ட உலர்பூ அல்பங்களை யாத்திரிகர்களுக்கு விற்றார்கள். பூவின் கீழே அது எந்த இடத்துப் பூ என்று எழுதியிருக்கும். பூவைவிட அந்த இடத்தின் பெயருக்குத்தான் மதிப்பு. நாங்களும் அட்டையின் பின்னால் "அரிப்பு" என்றும் செய்த பிள்ளையின் பெயரும் எழுதச் சொல்கிறோம்.

மூன்றாவதுதான் எங்களுக்கு முக்கியமானது. 1990 ஒக்டோபரில் வெளியேறிய எங்கள் குடும்பங்களில் பல இன்னும் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் இருக்கின்றன. 2009க்குப் பிறகு திரும்பி வந்த வீடுகளிலும் பிள்ளைகளுக்கு மாமி, சாச்சா என்றால் வட்ஸ்அப்பில் வரும் குரல்தான். மூத்தம்மாவின் கையில் ஊர் ஆவாரம்பூவும் பேரப்பிள்ளையின் கையெழுத்தும் போய்ச் சேர்வது வேறு. அரிப்பில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையும் இது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மாவா சொன்னார்கள்?

சில விஷயங்களில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். வில்பத்துவுக்குள் ஒரு இலையும் பறிக்கக்கூடாது, அது சட்டப்படி குற்றம். செடியைப் பிடுங்காமல், வீட்டு வளவிலும் வேலியிலும் பூத்ததில் நாலைந்து பூ எடுத்தால் போதும். தபாலில் போடும்போது அட்டையை உறைக்குள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முத்திரை குத்தும்போது பூ நொறுங்கும். வெளிநாட்டுக்கு என்றால் முதலில் விசாரியுங்கள், சில நாடுகளில் செடிப் பொருட்களுக்குக் கட்டுப்பாடு உண்டு.

இதனால் வீடுகள் பணக்கார வீடுகள் ஆகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. கிழமைக்கு ஒரு பாடவேளை கேட்கிறோம், அவ்வளவுதான். அதுவும் பரீட்சைப் பாடத்தைக் குறைக்காமல்.

உங்களிடம் கேட்பது மூன்று: பழைய கல்யாணக் கார்டுகளை எறியாமல் தாருங்கள், அதன் வெறும் பக்கம் நல்ல அட்டை. பழைய தடித்த புத்தகங்கள் இருந்தால் தாருங்கள். வெளியூரில் இருக்கும் உறவுகளின் தபால் முகவரியைப் பிள்ளையிடம் எழுதிக் கொடுத்து விடுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், இன்ஷா அல்லாஹ் பேசுவோம். பாடசாலைக்கு வந்து பிள்ளைகள் செய்வதை ஒருநாள் பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.