நிறுத்தப்பட்ட சில்லரும் ஒலிக்காத சங்கும்

2020 மே 7 அதிகாலை 3 மணியளவில், விசாகப்பட்டினத்தை அடுத்த ஆர்.ஆர். வெங்கடாபுரத்தில், எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளியேறிக் குடியிருப்புகளைச் சூழ்ந்தது. உறக்கத்திலிருந்து எழுந்து ஓடியவர்கள் தெருவிலேயே மயங்கி விழுந்தனர். 12 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஊடகங்கள் இதனை 'வாயுக் கசிவு' என்று எழுதின. எங்கோ ஒரு குழாயில் தற்செயலாக ஓட்டை விழுந்துவிட்டது என்ற எண்ணத்தை அச்சொல் தருகிறது. ஆனால் அங்கே நிகழ்ந்தது வேறு. குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய ஒரு திரவம் சூடேற விடப்பட்டது.

ஸ்டைரீன் தனக்குத்தானே வினைபுரிந்து பாலிமராக மாறும் இயல்புடையது. அவ்வினை வெப்பத்தை உண்டாக்கும். அந்த வெப்பம் வினையை மேலும் விரைவாக்கும். அதனாலேயே தொட்டியைக் குளிர்வித்து, வினையைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்த்து, திரவத்தை அவ்வப்போது சுழற்சியில் கலக்க வேண்டும். ஊரடங்கால் உற்பத்தி நின்றிருந்த அவ்வாலையில் இம்மூன்றும் பிழைத்தன. ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2020 ஜூலையில் அளித்த அறிக்கை, தொட்டியின் வடிவமைப்புக் குறை, குளிர்விப்பின் போதாமை, மேற்பார்வையின்மை ஆகியவற்றைச் சுட்டியது. குளிர்விப்பு அமைப்பு இரவும் பகலும் இயக்கப்படாமல் மாலையில் நிறுத்தப்பட்டு வந்தது. வெப்பநிலையைத் தொட்டியின் அடிப்பகுதியில் மட்டுமே அளந்ததால், மேற்பகுதி கொதித்தது யாருக்கும் தெரியவில்லை. ஆலையின் 36 இடங்களில் எச்சரிக்கை ஒலி எழுப்பும் வசதி இருந்தது. ஒன்றுகூட ஒலிக்கவில்லை.

சில்லரை நிறுத்துவது வீட்டு மின்விசிறியை நிறுத்துவது போன்றதன்று. நிறுத்தும்போது முதலில் சுமையைக் குறைத்துக் கம்ப்ரசரை நிறுத்த வேண்டும். நீரோட்டத்தை மேலும் சில நிமிடங்கள் தொடர விட்டே பம்பை நிறுத்த வேண்டும். இல்லையேல் உள்ளே தேங்கும் நீர் உறைந்து குழாய்கள் வெடிக்கக்கூடும். பழுதுபார்ப்பதானால் மின் இணைப்பைத் துண்டித்து, பணிபுரிபவர் தம் பூட்டைப் போட்டு, சாவியைத் தம்மிடமே வைத்திருக்க வேண்டும். மீண்டும் தொடங்கும்போது வரிசை தலைகீழாகும்: முதலில் பம்புகள், நீரோட்டம் சீரான பின்னரே கம்ப்ரசர். மூடிய இயந்திர அறையில் குளிர்பதன வாயு கசிந்திருந்தால் மூச்சுத்திணறல் நேரும். அம்மோனியா எனில் நுரையீரலே கருகும். ஆகவே காற்றோட்டத்தைச் சரிபார்க்காமல் எவரும் உள்ளே நுழையலாகாது. எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு கேள்வி உண்டு: இந்தக் குளிர்ச்சியை நம்பி வேறு எது இருக்கிறது? அலுவலகக் கட்டடத்தில் சில்லர் நின்றால் வியர்க்கும். வேதித் தொட்டியில் நின்றால் ஊரே அழியும்.

இந்தப் பாடத்துக்கு நாம் 1984லேயே விலை கொடுத்துவிட்டோம். போபால் யூனியன் கார்பைடு ஆலையில், மீத்தைல் ஐசோசயனேட்டைப் பூஜ்யம் பாகையை ஒட்டிக் குளிர்வித்து வைக்க நிறுவப்பட்டிருந்த இயந்திரம், பேரழிவுக்குப் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. அதன் குளிர்பதனப் பொருள் ஆலையின் வேறு பயன்பாட்டுக்கு எடுக்கப்பட்டது. டிசம்பர் 2 நள்ளிரவில் மக்களுக்கான சங்கும் சற்று நேரத்திலேயே நிறுத்தப்பட்டது. 36 ஆண்டு இடைவெளியில் இரண்டு ஆலைகள், ஒரே கதை: செலவு மிச்சம் என்று குளிர்விப்பை நிறுத்தியவர்கள் ஒரு பக்கம், எச்சரிக்கைகூட எட்டாமல் உறங்கியவர்கள் மறுபக்கம்.

இவ்விரு பக்கங்களுக்கும் இடையிலான கோட்டைத்தான் நாம் ஆராய வேண்டும். ஆலைச் சுவரை ஒட்டிய நிலம் மலிவானது. மலிவான நிலம் யாருக்கு மிஞ்சும் என்பதை இந்நாட்டில் சாதி நெடுங்காலமாகத் தீர்மானித்து வருகிறது. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்களின் பக்கமாகவே கழிவும் புகையும் தள்ளப்படுகின்றன. உள்ளேயும் அதே படிநிலைதான். கையேடு பொறியாளர் மேசையில் இருக்கிறது. தொட்டிக்குள் இறங்குபவர் ஒப்பந்தத் தொழிலாளர். எதை, எந்த வரிசையில், ஏன் நிறுத்துகிறோம் என்ற அறிவு மேலே தங்குகிறது; அதன் ஆபத்து மட்டும் கீழே இறங்குகிறது. கல்வியை மறுத்து உழைப்பைப் பறித்த பழைய ஏற்பாடு, ஆலைக்குள் சீருடை அணிந்து நிற்கிறது.

போபாலுக்குப் பின், 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்துகளைத் தொழிலாளருக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் அறிவிக்கும் கடமையை 41பி பிரிவு நிர்வாகத்தின் மீது சுமத்தியது. தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழுவை, ஆபத்தான ஆலை ஒவ்வொன்றுக்கும் 41ஜி கட்டாயமாக்கியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில், அத்தகைய குழுவை அமைக்கச் செய்வது அரசின் ஆணையைப் பொறுத்ததாகிவிட்டது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தைத் தொழிற்சாலை எனக் கொள்வதற்கான வரம்பும் 10 தொழிலாளரிலிருந்து 20ஆக உயர்ந்துள்ளது. சிறு பட்டறையின் அம்மோனியா பெரிய ஆலையின் அம்மோனியாவைவிட மென்மையானதன்று.

விசாகப்பட்டினத்துக்கு இரு நாட்கள் கழித்து, ஊரடங்குக்குப் பின் ஆலைகளைத் திறப்பதற்கான நெறிமுறைகளைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெளியிட்டது. முதல் வாரத்தைச் சோதனை ஓட்டமாகக் கருத வேண்டும்; உற்பத்தி இலக்கைத் துரத்தக் கூடாது என அது கூறியது. 12 உயிர்களுக்குப் பின் வந்த அறிவுரை, ஒவ்வோர் ஆலையிலும் நிரந்தர விதியாக வேண்டும்.

நம் கோரிக்கைகள் தெளிவானவை. இயந்திரங்களை நிறுத்தும், தொடங்கும் நடைமுறைகள் தமிழ், இந்தி, ஒடியா எனத் தொழிலாளர் படிக்கும் மொழிகளில் இயந்திரத்தின் அருகிலேயே எழுதப்பட வேண்டும். பூட்டின் சாவி ஒப்பந்தத் தொழிலாளரின் கையிலும் இருக்க வேண்டும். ஆபத்தை உணர்ந்து வேலையை மறுப்பவரைப் பணிநீக்கம் செய்யக் கூடாது. அவசரகால ஒத்திகை ஆலை வளாகத்தோடு முடியாமல் சேரி வரை வர வேண்டும். மாணவர்கள் இன்றே செய்யக்கூடிய வேலையும் உண்டு. அபாயகர வேதிப்பொருட்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிகளின்படி, பேராபத்து விளைவிக்கக்கூடிய ஆலைகளுக்கு வெளிவளாக அவசரகாலத் திட்டம் இருக்க வேண்டும். தங்கள் பகுதிக்கான திட்டத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறுங்கள். அதில் உங்கள் குடியிருப்பின் பெயர் இருக்கிறதா, சங்கு ஒலித்தால் எத்திசையில் ஓட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். இல்லையெனில், அங்கிருந்து தொடங்க வேண்டும் நம் போராட்டம்.