கிளட்ச் பெடல் தரையைத் தொட்டுவிட்டதா? கியர் பாக்ஸில் கை வைக்கும் முன் இதைப் பாருங்கள்!

போடிநாயக்கனூரிலிருந்து முந்தலைத் தாண்டிவிட்டால், போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே வெயில் கொளுத்தும். மேலே ஏற ஏற மூடுபனியும் ஏலக்காய்த் தோட்டத்து ஈரக்காற்றும்.

அப்பா ஆசையாகப் பராமரிக்கும் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் குடும்பமே இந்த மலை ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி வழியில், கியர் மாற்ற கிளட்சை மிதித்தால் பெடல் தரையோடு போய்விடுகிறது. கியர் விழவில்லை. பின்னால் தோட்டத்து ஜீப்புகள் ஹாரன் அடிக்கின்றன.

எப்படியோ வண்டியை போடிக்குக் கொண்டுவந்து சேர்த்தால், பட்டறையில் வரும் முதல் பதில் பல நேரம் இப்படித்தான் இருக்கும்: "பிளேட் போயிருக்கும்ணே. கியர் பாக்ஸ இறக்கித்தான் பாக்கணும்."

கொஞ்சம் பொறுங்கள். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் அது வழுக்கும். எஞ்சின் அலறும், வண்டி ஏறாது. பெடல் தொய்ந்து விழுந்து, கியரும் விழவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹைட்ராலிக் அமைப்பைத்தான். பெரும்பாலும் குற்றவாளி ஒரு சின்ன ரப்பர் வாஷர்!

நம்ம ஊர் ஹெரால்டு

பிரிட்டனில் 1959-ல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம்தான் இது. இத்தாலியக் கலைஞர் மிக்கெலோட்டி வடிவமைத்த இந்த 948 சிசி காரை, 1961 முதல் சென்னையில் தயாரித்தது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே உருவானது.

மட்கார்டுகளோடு சேர்த்து முழு பானெட்டும் முன்பக்கமாகச் சாயும் என்பதால், கிளட்சின் மாஸ்டர் சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால், கியர் பாக்ஸை எடுக்க முன் இருக்கைகளைக் கழற்றி, நடுவில் இருக்கும் மூடியையும் அகற்றி, காருக்குள் இருந்துதான் வெளியே தூக்க வேண்டும். தவறாகக் கணித்தால் எவ்வளவு வேலை, எவ்வளவு கூலி வீண் என்று பாருங்கள்!

எப்படி வேலை செய்கிறது?

பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலை அழுத்துகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியாக கியர் பாக்ஸ் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டருக்குப் போய், அங்கிருக்கும் கம்பியைத் தள்ளி கிளட்சை விடுவிக்கிறது. இடையில் எங்காவது ஆயில் கசிந்தாலோ, காற்று புகுந்தாலோ மிதித்த வேகம் அங்கே போய்ச் சேராது.

இந்த வரிசையில் பாருங்கள்

1. மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் ஆயில் குறைந்திருக்கிறதா? குறைந்திருந்தால் எங்கோ கசிவு.

2. பெடலுக்கு மேலே, ஓட்டுநரின் கால் பக்கம் ஈரமா? மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போய்விட்டது.

3. ஸ்லேவ் சிலிண்டரின் தூசு உறையைச் சற்று விலக்குங்கள். ஆயில் வழிந்தால் அதன் ரப்பர் போய்விட்டது.

4. வெளியே கசிவே இல்லை, ஆனால் மிதித்துப் பிடித்திருந்தால் கிளட்ச் மெல்ல மெல்ல மீண்டும் பிடிக்கிறதா? மாஸ்டரின் உள் ரப்பரைச் சந்தேகிக்கலாம்.

5. நாலைந்து முறை வேகமாக மிதித்தால் பெடல் சரியாகிறதா? உள்ளே காற்று இருக்கலாம்.

சரிசெய்யும்போது...

ரப்பர் கிட் மாற்றும் முன் சிலிண்டரின் உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. அந்த ஈரம் உள்ளே துருப்பள்ளங்களை உண்டாக்கும். பள்ளம் இருந்தால் புது ரப்பரும் சீக்கிரமே கிழியும். லேத் பட்டறையில் ஸ்லீவ் போடுவதுதான் வழி.

பாகங்களை பெட்ரோல், மண்ணெண்ணெயில் கழுவ வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். புது பிரேக் ஆயிலே போதும். அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றுவதும் கூடாது. பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கடைசியாக, காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகே பெடலை விட வேண்டும். நிப்பிளில் மாட்டிய குழாயில் குமிழி வருவது நிற்கும் வரை இதைத் தொடருங்கள். டப்பாவில் ஆயில் வற்றவே கூடாது.

மலையில் மாட்டிக்கொண்டால்?

எஞ்சினை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஏற்றத்தில் நின்றால் சக்கரத்துக்குப் பின்னால் கல் வையுங்கள். வளைவுக்கு முன்பே ஒருவர் நின்று மற்ற வண்டிகளுக்குக் கை காட்டட்டும். பெடலை நாலைந்து முறை மிதித்து கியர் விழுந்தால், பாதுகாப்பான இடம் வரை மட்டும் நகர்த்துங்கள். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வரவே வேண்டாம்.

ஹெரால்டு தயாரிப்பு நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. பழைய ரப்பரையும் சிலிண்டரையும் தூக்கிப்போடாதீர்கள். சரியான அளவில் புதிதாக வாங்க அவைதான் கையில் இருக்கும் ஆதாரம். அடுத்த முறை போடிமெட்டு கிளம்பும் முன், பானெட்டைத் தூக்கி ஆயில் அளவைப் பார்க்க இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். அப்பாவின் ஹெரால்டு 17 வளைவுகளையும் தாண்டிவிடும்!