சான்றிதழ் இருக்கிறது, வேலை தெரியுமா?

கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு பலரும் செய்வது, பிள்ளைகளை ஏதாவது ஒரு பயிற்சி மையத்தில் சேர்ப்பது. கோர்ஸ் முடிந்ததும் பளபளப்பான சான்றிதழ் ஒன்று வீட்டுக்கு வரும். அது எதை அளந்து பார்த்துக் கொடுக்கப்பட்டது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பணம் கட்டும் முன்பே இதைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். எங்கள் அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆள் எடுக்கும்போது நானும் உடன் இருப்பதுண்டு. ஒருமுறை வந்தவர் எக்ஸெலில் 'ஏ கிரேடு' வாங்கியிருந்தார். இருநூறு வரிப் பட்டியலைக் கொடுத்து, ஊர்வாரியாகக் கூட்டுத்தொகை கேட்டோம். அவர் கால்குலேட்டரைத் தேடினார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் எழுதிய தேர்வு முழுவதும் நான்கு விடைகளில் ஒன்றை 'டிக்' செய்வதுதான். கூட்டலுக்கான பார்முலா எது என்று கேட்டால் சொல்லிவிடுவார். அதை வைத்து வேலை செய்யச் சொன்னால் தடுமாறுகிறார்.

நமக்குப் பழக்கமான டைப்ரைட்டிங் தேர்வைப் பாருங்கள். தமிழகத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இந்தத் தேர்வில், ஆங்கிலம் ஜூனியருக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், சீனியருக்கு 45 சொற்கள். வேகமாக அடித்தாலும் பிழை வந்தால் மதிப்பெண் போய்விடும். எத்தனை மாதம் வகுப்புக்குப் போனீர்கள் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. கை என்ன செய்கிறது என்பதுதான் கணக்கு. இதே இயக்ககத்தின் ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்விலும் எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் உண்டு.

2013-ல் மத்திய அரசு அறிவித்த என்.எஸ்.க்யூ.எப். எனும் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் அடிப்படையும் இதுதான். ஒருவர் எத்தனை நாள் படித்தார் என்பதைவிட, என்ன தெரிந்துகொண்டார், என்ன செய்யக்கூடியவர் என்பதை வைத்தே தகுதியின் நிலை முடிவாகிறது.

செய்முறைத் தேர்வு நடத்த செலவு அதிகம், நேரமும் அதிகம். ஒவ்வொருவருக்கும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், பார்த்து மதிப்பிட ஆள் வேண்டும். மையங்கள் தயங்குவது புரிகிறது. ஆனால் திறமையைக் கற்றுத் தருவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்குபவர்கள், திறமையைத்தானே சோதிக்க வேண்டும்?

எனவே, சேரும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இறுதித் தேர்வில் கம்ப்யூட்டரில் ஒரு வேலையை முழுமையாகச் செய்து காட்ட வேண்டுமா? பாடம் நடத்துபவரே மதிப்பெண் போடுகிறாரா, வெளியாள் வருகிறாரா? எந்த வேலையை, எவ்வளவு நேரத்தில், எத்தனை பிழைக்குள் முடித்தால் பாஸ்?

ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்களா? கவலை வேண்டாம். வீட்டின் மாதச் செலவுக் கணக்கைப் பிள்ளையிடம் கொடுங்கள். எக்ஸெலில் ஏற்றி, இனவாரியாகக் கூட்டி, பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். யாரும் அருகில் நின்று சொல்லித் தர வேண்டாம். சான்றிதழ் சொல்லாததை அந்த ஒரு பக்கம் சொல்லிவிடும்.