ஓட்டுபவரே சான்று கொடுக்கும் வரை

எம்2 ரக டீசல் எஞ்சின்களை அறியாதவர் இந்த இதழின் வாசகர்களில் இருக்கமாட்டார். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியாக 1954 முதல் இங்கு வந்திறங்கியவை அவை. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, மனிடோபா என்று அந்த நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கிய எஞ்சின்களில் சில இன்றும் பயணிகளை இழுத்துச் செல்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று பெரலியவில் ஆழிப்பேரலை ஒரு ரயிலை அடித்துப் புரட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தபோது, அந்த ரயிலை இழுத்து வந்தது மனிடோபா. சிதைந்து கிடந்த அந்த எஞ்சினை நம் தொழிலாளர்கள் திருத்தி மறுபடியும் தடத்தில் ஏற்றினார்கள். எம்2 வந்து பல ஆண்டுகள் கழித்து வாங்கிய சில தொடர்களோ சேவையிலிருந்து முற்றாக விலக்கப்பட்டுவிட்டன.

ஆகவே, வயதை மட்டும் வைத்து ஒரு ரயிலைக் குறை சொல்ல முடியாது. எண்பது வயதிலும் ஒழுங்கான பராமரிப்போடு பாதுகாப்பாக ஓடும் வண்டி உண்டு. பதினைந்து வயதில் ஓடக்கூடாத வண்டியும் உண்டு. நம் கவலை வேறு. ஒரு வண்டி இன்று ஓடத் தகுதியானதா என்று புகையிரதத் திணைக்களத்துக்கு வெளியே இருந்து பார்த்துச் சொல்லும் அதிகாரம் இந்த நாட்டில் யாரிடமும் இல்லை. வண்டியை வாங்குவது, ஓட்டுவது, திருத்துவது, தகுதியானது என்று கையெழுத்திடுவது எல்லாமே புகையிரதத் திணைக்களத்தின் வேலை. விபத்து நேர்ந்தால் விசாரிப்பது அதே திணைக்களம், அல்லது அதற்குப் பொறுப்பான அமைச்சு அந்தந்த நேரத்துக்கு நியமிக்கும் குழு. இந்த ஏற்பாடு மாறவேண்டும் என்பதே இந்த ஆசிரியர் உரையின் ஒரே கோரிக்கை.

வெள்ளவத்தையில் நின்று பார்த்தால் இந்த இடைவெளி தெளிவாகத் தெரியும். காலி வீதியில் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு வழி அனுமதி வேண்டும். அதை வழங்கவும் பறிக்கவும் மாகாண மட்டத்தில் ஓர் அதிகார சபை இருக்கிறது. மாகாணம் தாண்டும் பஸ்ஸென்றால் 1991 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு இருக்கிறது. பஸ்ஸின் தகுதிச் சான்றிதழ் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பொறுப்பு. அந்த வீதியிலிருந்து சில நிமிட நடையில் கடலோரம் ஓடும் ரயிலுக்கு இவற்றில் எதுவும் இல்லை. பல பஸ்கள் கொள்ளும் கூட்டத்தை ஒரே தடவையில் ஏற்றிக்கொண்டு, கதவோரங்களிலும் பயணிகள் தொங்க, அது கோட்டைக்குப் போகிறது. அந்த வண்டி தாமதித்தாலும் ரத்தானாலும் பயணி முறையிட வேண்டியது அதை ஓட்டும் நிறுவனத்திடமே.

இது அரச சேவை, அரசே அரசைக் கண்காணிப்பது எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. வானத்தைப் பாருங்கள். ஸ்ரீலங்கன் விமான சேவையும் அரசுடைமைதான். ஆனால் அதன் விமானமொன்று பறப்பதற்கு, 2002 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் தகுதிச் சான்று வேண்டும். உரிமையாளர் அரசாக இருப்பதும் மேற்பார்வையாளர் அரசாக இருப்பதும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. இரண்டும் வெவ்வேறு கைகளில் இருந்தால் போதும். ஒரு விமானத்தில் ஏறுபவருக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, கொட்டாஞ்சேனையிலிருந்து மூட்டைமுடிச்சோடு மருதானைக்கோ கோட்டைக்கோ போய் யாழ்ப்பாண ரயிலில் ஏறும் குடும்பத்துக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

நம் சட்டப் பின்னணி பழையது. 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு முதல் ரயில் ஓடியது. இன்றைக்கும் நமக்கு அடிப்படையாக இருப்பது 1902 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். திணைக்களத்தை அதிகார சபையாக மாற்ற 1993 இல் ஒரு சட்டம் நிறைவேறியது. திணைக்களமோ திணைக்களமாகவே தொடர்கிறது. அந்தச் சட்டத்தைத் தொழிற்சங்கங்கள் தனியார்மயத்தின் முதற்படியாகக் கண்டு அஞ்சியதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த விவாதம் முழுவதும் ரயிலை யார் நடத்துவது என்பதைச் சுற்றியே சுழன்றது. நடத்துபவரை யார் பார்ப்பது என்ற கேள்வி அன்றும் எழவில்லை, இன்றும் எழவில்லை.

கணக்காய்வாளர் நாயகமும், பாராளுமன்றத்தின் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவும் இருக்கின்றனவே என்று சொல்லலாம். அவர்களின் பணி மதிப்புமிக்கது. கொள்வனவில் நடந்த வீண்செலவையும் களஞ்சியத்தில் தேங்கிய உதிரிப்பாகங்களையும் அவர்களால் வெளிக்கொணர முடியும். ஆனால் அவர்கள் பார்ப்பது நடந்து முடிந்த ஆண்டின் கணக்கு. நாளைக் காலை ஷெட்டிலிருந்து புறப்படவிருக்கும் பெட்டியின் அச்சில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது கணக்காய்வாளரின் வேலையல்ல.

பழைய வண்டியில் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பயணி காண்பது கிழிந்த இருக்கையையும் சுழலாத மின்விசிறியையும். நாம் அஞ்சுவது அவர் காணாதவற்றுக்கு: உலோகக் களைப்பால் அச்சில் ஓடும் மயிரிழை வெடிப்பு, தேய்ந்து கூர்மையாகிப்போன சில்லு விளிம்பு, போகிச் சட்டத்தின் ஒட்டுகளில் விழும் பிளவு, காப்புறை உதிர்ந்த மின்கம்பி, காற்றுக் கசியும் பிரேக் குழாய். கரையோரப் பாதை இவற்றோடு உப்பையும் சேர்க்கிறது. கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை என்று கடலை ஒட்டி ஓடும் வண்டியின் அடிச்சட்டம் நாள்தோறும் உப்புக்காற்றில் நனைகிறது. மலைநாட்டில் ஓடும் அதே ரகப் பெட்டிக்கு விதித்த பரிசோதனைக் காலஇடைவெளி இங்கே போதாது. அப்படியானால் கரையோர வண்டிகளுக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அடிச்சட்டத் தகட்டின் தடிப்பை அளப்பது, எவ்வளவு குறைந்தால் வண்டியை நிறுத்துவது? இந்த எண்களை வெளியே ஒருவர் கேட்டுப் பார்க்கக்கூடிய நிலை வேண்டும்.

வண்டிகளின் பன்மையும் சுமையைக் கூட்டுகிறது. கனடா, ஜெர்மனி, ஜப்பான், பிரித்தானியா, பிரான்ஸ், ருமேனியா, கொரியா, சீனா, இந்தியா என்று எத்தனை நாடுகள் கடனோ உதவியோ தந்தனவோ அத்தனை நாட்டு வண்டிகளும் நம்மிடம் உண்டு. 1970களில் எம்4 எஞ்சின்களைக் கட்டித் தந்த மொன்றியல் தொழிற்சாலை எஞ்சின் கட்டுவதை நிறுத்திப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு தொடருக்கும் தனி உதிரிப்பாகம், தனிப் பயிற்சி, தனிக் கருவி தேவை. எந்த வண்டி நமக்குப் பொருந்தும் என்பதைவிட எந்த நாடு கடன் தரும் என்பதே பலமுறை கொள்வனவைத் தீர்மானித்திருக்கிறது. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது இந்தப் பழக்கத்தின் விலையை வேலைத்தளங்கள்தான் கொடுத்தன. ஒரு பவர்செட்டை ஓடவைக்க இன்னொன்றின் பாகங்களைக் கழற்ற வேண்டியிருந்தால், அதற்கு மெக்கானிக்கைப் பொறுப்பாக்க முடியாது.

வடக்குப் பாதையின் கதையிலும் இதே பாடம் இருக்கிறது. 1990 இல் அறுந்த பாதை 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் மறுபடி தொட்டது. மாஹோவிலிருந்து ஓமந்தை வரை இந்திய உதவியோடு புதுப்பிக்கப்பட்ட 128 கிலோமீட்டர் பாதை 2025 ஏப்ரல் 6 அன்று திறந்துவைக்கப்பட்டது. மாஹோ - அநுராதபுரம் சமிக்ஞை வேலையும் அன்றே தொடங்கிவைக்கப்பட்டது. இவற்றை மனதார வரவேற்கிறோம். ஆனால் புதுப் பாதையும் பத்து ஆண்டுகளில் பழைய பாதையாகும். அதன் நிலையை ஆண்டுதோறும் அளந்து வெளியிடும்படி கேட்க ஒருவர் இல்லையென்றால், மீண்டும் ஒரு கடனுக்குக் காத்திருக்கும் நாள் வரும்.

விபத்துகளிலிருந்து நாம் கற்கும் முறையும் பலவீனமானது. 2011 செப்டெம்பர் 17 அன்று அளவ்வையில் நின்றிருந்த ரயிலின் பின்னால் இன்னொரு ரயில் மோதியது. 2014 ஏப்ரல் 30 அன்று பொதுஹெரவில் இரு ரயில்கள் மோதிக்கொண்டன. 2005 ஏப்ரலில் யாங்கல்மோதரை கடவையில் பஸ்ஸொன்று ரயிலின் முன்னே புகுந்ததில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவை ஒவ்வொன்றும் நிலைய அதிபர்களுக்கும் சாரதிகளுக்கும் சமிக்ஞைத் தொழில்நுட்பவியலாளர்களுக்கும் பாடநூலாகியிருக்க வேண்டியவை. விசாரணை முடிவுகளை மூன்று மொழிகளிலும் வெளியிடும் கடமையும், பரிந்துரைகள் நிறைவேறினவா என்று பின்தொடரும் கடமையும் கொண்ட நிரந்தர அமைப்பு நம்மிடம் இல்லை. கடவைகளைப் பாருங்கள்: தண்டவாளம் திணைக்களத்துடையது, வீதி இன்னொரு நிறுவனத்துடையது, பல இடங்களில் படலையைக் காப்பவர் பொலிஸ் ஊடாகச் சொற்பக் கொடுப்பனவு பெறுபவர். மூவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் அதிகாரம் யாருக்கு?

அயலிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. இந்தியாவில் ரயில்வே பாதுகாப்பு ஆணையம் ரயில்வே அமைச்சின் கீழ் இல்லை. சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சின் கீழ் இருக்கிறது. ரயில்வே வாரியத்தின் பிடியிலிருந்து பாதுகாப்புப் பரிசோதகர்களை 1941 இலேயே பிரித்துவிட்டார்கள். ஆணையர் பார்த்து அனுமதிக்காமல் புதிய பாதையில் பயணிகள் ரயில் ஓட முடியாது. 2023 ஜூன் 2 இல் ஒடிசாவின் பாலசோரில் நடந்த பெருவிபத்தில் சமிக்ஞை வேலைகளில் நேர்ந்த தவறுகளைச் சுட்டியதும் அந்த ஆணையமே. அங்கும் குறைகள் உண்டு: அறிக்கைகள் பொதுமக்கள் கைக்கு எளிதில் வருவதில்லை. நாம் அவர்களின் பிரிவினையை எடுத்துக்கொண்டு, அந்த மூடுதனத்தை விட்டுவிடலாம்.

இன்னொரு உதாரணம் இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்து. பஸ் கட்டும் முறையில் 1980களில் மலிவாகக் கட்டப்பட்ட பேசர் வண்டிகள் அங்குள்ள பிராந்திய சேவைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடின. அவற்றை மாற்றுவது செலவுக்கேற்ற பயன் தராது என்று அதிகாரிகள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 2015 இல் போக்குவரத்து அமைச்சர் பெட்ரிக் மெக்லாக்லின், அந்த ஆலோசனையை மீறி வண்டிகளை அகற்றும்படி எழுத்து மூலம் பணித்தார். அதிகாரியின் ஆட்சேபமும் அமைச்சரின் பணிப்புரையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. 2021 இல் பிரித்தானியாவின் கடைசி பேசரும் வழக்கமான சேவையிலிருந்து விலகியது. முடிவு சரியா பிழையா என்பதைவிட, முடிவை எடுத்தவர் யார், எந்தக் காரணத்துக்காக என்பது தாளில் பதிந்ததே நமக்குப் பாடம்.

அதனால் நாம் கேட்பவை நான்கு.

முதலாவது, எஞ்சின், பெட்டி, பவர்செட் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாழ்நாள் பதிவேடு. கட்டிய ஆண்டு, பெரும் பழுதுபார்ப்புகள், அச்சு மீயொலிச் சோதனை முடிவுகள், தவணை கடந்த பரிசோதனைகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். 2022 இறுதியில் ஓய்வு வயது 60 ஆனபோது அனுபவமிக்க பலர் ஒரேயடியாக வெளியேறினார்கள். பதிவேட்டில் எழுதப்படாத அறிவு அவர்களோடு போய்விட்டது.

இரண்டாவது, ஓடத் தகுதி பற்றிய எழுதப்பட்ட வரம்புகள். வரம்பைத் தாண்டிய வண்டியை ஓட்ட நேர்ந்தால், எந்த வேகக் கட்டுப்பாட்டோடு, எந்தப் பாதையில், எந்தத் திகதி வரை என்று குறித்த விலக்குச் சான்று வேண்டும். அதில் கையெழுத்திட்டவரின் பதவி தெரிய வேண்டும். கடும் விதிகள் வந்தால் பாதி ரயில்கள் நின்றுவிடும் என்ற அச்சத்துக்கு இதுவே பதில்: வண்டி ஓடலாம், ஆனால் அதன் ஆபத்தை யார் ஏற்றார் என்பது மறையக்கூடாது.

மூன்றாவது, திணைக்களத்துக்கும் அதை நடத்தும் அமைச்சுக்கும் வெளியே ஒரு சிறிய ரயில் பாதுகாப்பு ஆணையகம். பரிசோதிக்கவும், வண்டியை நிறுத்தவும், விபத்தை விசாரித்து அறிக்கை வெளியிடவும் அதற்கு சட்ட அதிகாரம் வேண்டும். பத்துப் பதினைந்து நல்ல பொறியியலாளர்களோடு தொடங்கலாம். ஓய்வுபெற்ற நம் மூத்தவர்களும் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் உருவாக்கும் இளையவர்களும் அதற்குப் போதுமானவர்கள்.

நான்காவது, பாதைவாரியாக ஆண்டறிக்கை: நேரந்தவறாமை, ரத்தான சேவைகள், தடம் புரள்வுகள். கரையோரப் பாதையின் பருவச்சீட்டுக்காரரும் வடக்குப் பாதையின் பயணியும் தம் பாதையின் நிலையைத் தேடாமலே அறிய வேண்டும்.

இவற்றில் இரண்டுக்குச் சட்டமோ பாராளுமன்றமோ தேவையில்லை. பதிவேட்டையும் விலக்குச் சான்றையும் திணைக்களம் தானே தொடங்கலாம். இரத்மலானை வேலைத்தளமும் தெமட்டகொடை ஷெட்டும் நாளையே தொடங்கலாம். இந்த இதழை வாசிக்கும் பொறியியலாளர்களிடமும் மேற்பார்வையாளர்களிடமும் நாம் கேட்பதும் அதுவே. கண்ட பழுதை வாயால் சொல்லி விடாதீர்கள். திகதியோடு எழுதி, பிரதியை வைத்திருங்கள். தகுதியற்றது என்று நீங்கள் கருதும் வண்டியை அனுப்பும்படி மேலிடம் சொன்னால், அந்த உத்தரவை எழுத்தில் கேளுங்கள். அப்படிக் கேட்பவரைத் தண்டிக்காமல் காப்பது தொழிற்சங்கங்களின் முதற் கடமையாகட்டும். வெளிக் கண்காணிப்பு வரும் நாளில் அது பார்க்கப்போவது உங்கள் பதிவுகளைத்தான். அவை நேர்மையாக இருந்தால், பழுதான வண்டிக்கான பழி இனியும் பணிமனைத் தரையில் நிற்பவர்மேல் விழாது; பணம் ஒதுக்காதவரையும் பரிசோதனையைத் தள்ளிப்போட்டவரையும் போய்ச் சேரும்.