பெருநாள் பிறையோடு வரும், கடல் காற்றோடு மாறும்



பெருநாள் முடிந்த மறுநாள் வேன் பிடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. விடியும்போதே புரியாணிச் சட்டி, பிளாஸ்க், பாய், பிள்ளைகளின் மாற்றுடுப்பு எல்லாம் வேனில் ஏறிவிடும். வாப்பும்மாவுக்கு முன் ஆசனம். "எந்தக் கடலுக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டால், "முந்திப் போன இடத்துக்குத்தான்" என்ற பதில் வரும். இந்த மாதத்தில் அந்தக் கடல் எப்படி இருக்கும் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் 2010ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் தென்மேல் கரையிலுள்ள ஒரு கடற்கரைக்குப் போனது. அப்போது நவம்பர் மாதம். மூத்த மகன் முழங்கால் தண்ணீரில் நின்று மணிக்கணக்காக விளையாடினான். எட்டு ஆண்டுகள் கழித்து, 2018ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அதே இடத்துக்கு இளையவனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அது ஓகஸ்ட் மாதம். இறங்கிய சற்று நேரத்தில் அலை அவனைச் சுருட்டி உள்ளே இழுத்தது. கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த இரண்டு மீனவர்கள் பாய்ந்து தூக்கினார்கள். பிள்ளை பிழைத்தான். அந்தத் தாய் என்னிடம் சொன்னார்: "ஹஸரத், மூத்தவன் குளிச்ச அதே இடம்தான். கடல் இப்படி மாறும் எண்டு ஆரு கண்டாங்க?"

அவர் மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடம் மாறவில்லை, பெருநாளும் அதே பெருநாள்தான். ஆனால் காலம் மாறியிருந்தது. நமது பெருநாள்கள் பிறைக் கணக்கில் வருபவை. ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 11 நாட்கள் முந்தி வந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். கடலோ காற்றுக் கணக்கில் நடப்பது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அப்போது மேற்கும் தென்மேற்கும் கொந்தளிக்கும், கிழக்கு பெரும்பாலும் அமைதியாக இருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று. அப்போது கிழக்கும் வடக்கும் கொந்தளிக்கும், மேற்கும் தெற்கும் அடங்கியிருக்கும். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்க்காமல் வேன் பிடித்தால், ஓராண்டு குளமாகக் கண்ட கடலை இன்னோராண்டு சுழியாகக் காண நேரும்.

நமது நாட்டின் கரை 1,300 கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. அதில் ஒரு கடற்கரையைப் போல இன்னொன்று இல்லை. சிலவற்றை நினைத்துப் பாருங்கள்.

கொழும்பு காலிமுகத்திடல் 1859ஆம் ஆண்டு முதல் மக்கள் காற்று வாங்கும் இடமாக இருக்கிறது. இறால் வடை தின்னலாம், பட்டம் விடலாம். ஓகஸ்டில் அலை மதிலில் மோதித் தெறிப்பதைப் பார்த்தாலே மேற்குக் கடலின் குணம் விளங்கிவிடும். பேருவளையில் கெச்சிமலைப் பள்ளிவாசல் நிற்கும் கடல்முனைக்குப் போனவர்களும் இதை அறிவார்கள்.

ஹிக்கடுவையில் கரைக்கு அருகிலேயே முருகைக்கற்பாறை இருக்கிறது. அது அலையைத் தடுப்பதால் உட்பக்கம் ஆழமற்ற நீர் நிற்கும். 2002ஆம் ஆண்டு முதல் அது தேசியப் பூங்கா. 1998இல் கடல் நீர் சூடேறியபோது அந்த முருகைகளில் பெரும்பகுதி வெளிறி இறந்தன. எஞ்சியதன் மீது பிள்ளைகளை ஏறி நடக்க விடாதீர்கள். முருகையும் முறியும், பிள்ளையின் காலும் கிழியும்.

தெற்கே தங்காலைப் பக்கம் போனால் மணல் பொன்னாக இருக்கும். ஆனால் பல இடங்களில் கரை சடுதியாகச் சரிகிறது. இரண்டு எட்டு வைத்தால் கழுத்தளவு. அது பார்க்கும் கடல், குளிக்கும் கடல் அல்ல. அங்குள்ள ரெக்கவ கடற்கரைக்கு இரவில் ஆமைகள் முட்டையிட வரும். உலகிலுள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து வகை நம் நாட்டுக் கரைகளை நாடி வருகின்றன.

கிழக்கே பொத்துவில் அறுகம்பையில் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை பலகை மீதேறி அலையில் சறுக்குவோர் கூடுகிறார்கள். கிழக்கு அமைதியான காலம் என்று நினைத்து அந்த முனைக்கே பிள்ளையை இறக்கிவிடக் கூடாது. அவர்கள் தேடி வருவதே பெரிய அலையைத்தான்.

பாசிக்குடா இதற்கு நேர் மாறு. வெளியே கற்பாறை காவல் நிற்க, உள்ளே வெகுதூரம் நடந்தாலும் நீர் இடுப்பைத் தாண்டாது. பெண்களும் பிள்ளைகளும் அஞ்சாமல் நனையக்கூடிய இடம். திருகோணமலை நிலாவெளியும் மே முதல் செப்டெம்பர் வரை நல்ல இடம்தான். எதிரே தெரியும் புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. இன்னும் வடக்கே புல்மோட்டையில் மணலே கறுப்பு. இல்மனைட் என்ற கனிமம் கலந்த மணல் அது. யாழ்ப்பாணம் காரைநகரில் சவுக்கு மரங்கள் நிற்கும் கசூரினா கடற்கரையும் ஆழமற்றது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் வாடைக்காலத்தில் வேறு முகம்.

கற்பிட்டியில் ஒரே நிலத்துண்டுக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் அடங்கிய களப்பு, மறுபக்கம் திறந்த கடல்.

சில கரைகளை மனிதன் கையே மாற்றிவிடுகிறது. ஒலுவிலில் 2013இல் துறைமுகம் திறக்கப்பட்டது. தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலை அதன் கல்லணை மறித்தது. துறைமுக வாயிலில் மணல் குவிய, வடக்கே தென்னந்தோட்டங்களையும் கரையையும் கடல் அரித்தது. ஆகவே, "நான் சின்ன வயதில் குளித்த இடம்" என்ற நம்பிக்கை ஒருபோதும் போதாது.

அப்படியானால் வீட்டிலுள்ள பெண்கள் என்ன செய்யலாம்? பயணத் திட்டத்தை ஆண்கள் போட்டாலும், பிள்ளையின் உடுப்பைக் கழற்றி நீரில் இறக்குவது நீங்கள்தான். இறக்கும் முன் மூன்று விடயங்களைப் பாருங்கள்.

முதலாவது, தோணிகளைப் பாருங்கள். அவை மேட்டில் ஏற்றிக் கட்டப்பட்டிருந்தால் அந்தக் கடலுக்கு மீனவரே இறங்கவில்லை என்று அர்த்தம். அவரே இறங்காத கடலில் நமக்கு என்ன வேலை? இரண்டாவது, சிவப்புக் கொடி நடப்பட்டிருந்தால் கரையிலேயே இருங்கள். மூன்றாவது, அலைகள் வெள்ளையாக உடையும் வரிசையில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல் நீர் கறுத்து, அமைதியாகத் தெரிகிறதா? பிள்ளைகள் அதைத்தான் நல்ல இடம் என்று ஓடுவார்கள். கரைக்கு வந்த நீரெல்லாம் மீண்டும் கடலுக்குள் ஓடும் வாய்க்கால் அது. அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்து மூழ்குவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் ஓட்டத்திலிருந்து வெளியேறலாம். நீந்தத் தெரியாதவர் மல்லாந்து மிதந்தபடி கையுயர்த்தி உதவி கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளை இழுபட்டால் தாய் பின்னாலேயே பாய்வாள். அது தாய் மனம். ஆனால் நீந்தத் தெரியாதவர், நனைந்து கனத்த அபாயாவோடு பாய்ந்தால் ஒன்றுக்கு இரண்டு உயிர் போகும். மூடிய வெற்றுத் தண்ணீர்க் கேன், ரெஜிபோம் பெட்டி, கயிறு, கையில் அகப்படும் மிதக்கும் பொருள் எதையேனும் எறியுங்கள். சத்தமிட்டு மீனவரை அழையுங்கள். ஒரு வெற்றுக் கேனும் பத்து முழக் கயிறும் புரியாணிச் சட்டியோடு சேர்ந்தே வேனில் ஏறட்டும்.

2025இல் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் மாதத்தில் வந்தது. அது கிழக்குக்குப் போகும் காலம். நோன்புப் பெருநாளோ பின்வாங்கிப் பின்வாங்கி இன்னும் சில ஆண்டுகளில் பெப்ரவரிக்கும் ஜனவரிக்கும் வந்துவிடும். அப்போது பாசிக்குடாவுக்கு வேன் பிடித்தவர்கள் மழையையும் கொந்தளிப்பையும்தான் காண்பார்கள். அந்த நாட்களில் தெற்கும் மேற்கும் ஏற்றவை.

அந்த இளைய மகன் இப்போது வளர்ந்துவிட்டான். அவனுடைய உம்மா இன்றும் கடற்கரைக்குப் போகிறார். ஆனால் வேன் புறப்படுமுன் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இது எந்தக் காத்து வீசுற மாசம்?" என்பதுதான். உங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வியை யாராவது ஒருவர் கேட்கட்டும்.